மாட்டுங்கா கவுன்ட்டர், மூன்று மணி

அத்தியாயம் 14

"நான் ரோட்டுல நின்னா போதும். கையத் தூக்க வேண்டாம், விசில் அடிக்க வேண்டாம். பம்பாயில ஓடுத எந்த பஸ்ஸும் என்னயப் பாத்தா நிக்கும். ஸ்டாப்பு இருந்தாலும் நிக்கும், இல்லாட்டாலும் நிக்கும்!"

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, தாராவி தொண்ணூறு அடி ரோட்டு வீட்டில், இரண்டாவது டம்ளர் சாயாவைக் கையில் ஏந்தியபடி வேதமுத்து இதை அறிவித்தார்.

பம்பாய் நகரத்து பெஸ்ட் பஸ்ஸில் இருபத்தொன்பது வருஷம் கண்டக்டராக இருந்து, ரிட்டயர்டாகி மூன்று வருஷம் ஆனவர். தன் சர்வீஸில் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டுகளை ஒட்டினால் நாகர்கோவில் வரை நீளும் என்பார். போன வருஷம் அது புனா வரைக்கும்தான் நீண்டது. அடுத்த வருஷம் கொழும்பைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. குர்லாவில் அவர் பஸ்ஸில் ஏறிய கர்ப்பிணி ஒருத்தி சயானில் இரட்டைப் பிள்ளைகளோடு இறங்கினாளாம். புதிதாகச் சேர்ந்த இரண்டு பயணிகளுக்கும் இவர் டிக்கெட் கேட்கவில்லையாம்.

அவர் மனைவி லூசியம்மாள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"போன செவ்வாக்கிழம சயான்ல கைய ஆட்டுனிய. கொடைய ஆட்டுனிய. கடைசில தோள்ல கெடந்த துண்டையும் எடுத்து ஆட்டுனிய. நின்னுச்சா?"

"அது ஏ.சி. பஸ்ஸுளா. கண்ணாடி பூரா கறுப்பு. உள்ள இருக்கவனுக்கு நான் யாருன்னு எப்படித் தெரியும்?"

"ஒங்களத் தெரிஞ்ச டிரைவரெல்லாம் ஊருக்குப் போயி வீடு கெட்டியாச்சு. இப்ப ஓட்டுதது பூராவும் காண்ட்ராக்ட் பயலுவ. ஒங்களுக்கு ஒருத்தனும் நிறுத்த மாட்டான்."

நம்பாமல் இருப்பது லூசியம்மாளுக்குக் குணம் மட்டுமல்ல, சம்பளமும் அதற்குத்தான். தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானா ஒன்றில் அவள் செக்கிங். தைத்து வரும் ஒவ்வொரு பையின் கைப்பிடியையும் மூன்று தரம் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பாள். பிய்ந்து வந்தால் இடது பக்கம், தாங்கினால் வலது பக்கம். புருஷன் சொல்லும் கதைகளையும் முப்பத்தொரு வருஷமாக அவள் இதே மாதிரிதான் இழுத்துப் பார்த்து வருகிறாள். இதுவரை வலது பக்கம் ஒன்றுகூடப் போனதில்லை.

"அரே, ரெண்டு பேரும் பஸ் கரோனா, போதும் நிறுத்துங்க," என்று மகள் ஜெனி வந்து உட்கார்ந்தாள். "மூணு மணிக்கு கவுன்ட்டர் பந்த். இன்னும் எந்த காலேஜுன்னே நீங்க முடிவு பண்ணல."

மூன்று நாளாக அந்த வீட்டில் சண்டை அதுதான். ஜெனி பன்னிரண்டாம் வகுப்பில் எண்பத்து நாலு சதவீதம் வாங்கினாள். பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் ஃபாரத்தில், அம்மாவுக்காக செம்பூர் கல்லூரியில் பி.காம். போட்டாள். தனக்காக, அம்மாவிடம் சொல்லாமல், மாட்டுங்கா கல்லூரியில் பி.எஸ்ஸி. போட்டு, மேஜர் என்ற கட்டத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று அழுத்திவிட்டாள். செவ்வாய்க்கிழமை லிஸ்ட் வந்தது. செம்பூரில் பொது லிஸ்ட்டில் பெயர் இருந்தது. மாட்டுங்காவில் தமிழர்களுக்கென்று ஒதுக்கிய சீட்டுகளின் லிஸ்ட்டில், கடைசிக்கு முந்தின பெயராக இருந்தது. ஒரிஜினல் மார்க் ஷீட் ஒன்றுதானே இருக்கிறது? அதை எந்தக் கல்லூரியில் கொடுக்கிறோமோ அங்கேதான் படிப்பு. கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

முலுண்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் லூசியம்மாளின் தம்பி ஜாபெஸ், "பி.காம். எடுத்தா நானே வேலைக்கு ஏற்பாடு பண்ணுதேன்" என்று போனிலேயே ஆசீர்வதித்துவிட்டான். அதிலிருந்து லூசியம்மாளுக்குச் செம்பூரைத் தவிர வேறு ஊர் கண்ணில் படவில்லை.

"அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ படிச்சு என்னட்டி செய்வ?"

"அம்மா, ஐநூறு பை இருக்குன்னு வை. அம்பது எடுத்துப் பாத்தா போதும். மிச்சம் எப்படி இருக்கும்னு சொல்லிரலாம்."

"அம்பதப் பாத்துட்டு ஐநூறையும் அனுப்பவா? அன்னைக்கே எனக்கு வேல போயிரும்!"

"அதான் சொல்லுதேன்," என்று வேதமுத்து இடையில் புகுந்தார். "நம்ம பிள்ள டிராம்பே அணு ஆராய்ச்சியில போயி ஒக்காருவா. விஞ்ஞானிமார் பூராவும் அணுவ எண்ண முடியாம முழிச்சிட்டு இருக்கானுவ. இவ போயி அம்பது எண்ணிட்டு மிச்சத்தச் சொல்லிருவா."

"அப்பா, யூ டோன்ட் ஹெல்ப்," என்றாள் ஜெனி.

கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போடாத குறையாக ஒரு முடிவு வந்தது. முதலில் மாட்டுங்கா போய்ப் பார்ப்பது. அங்கே ஏதாவது கோளாறு என்றால், மறு பேச்சில்லாமல் செம்பூர். கோளாறு ஏதாவது இருக்கத்தான் செய்யும் என்று லூசியம்மாளுக்கு நம்பிக்கை. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வாசலில் வேதமுத்து, டிப்போவில் கொடுத்த பழைய காக்கி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தொங்கியது.

"அதத் தூரப் போடுங்கன்னு எத்தன தடவ சொல்ல? ரிட்டயர்டான ஆளுக்கு யூனிஃபார்மு என்னத்துக்கு?"

"ஏளா, இந்தக் கோட்டு ரெண்டாயிரத்தஞ்சு வெள்ளத்தையே பாத்த கோட்டு."

*

கோளாறு பன்னிரண்டே காலுக்கு வந்தது.

மாட்டுங்கா கல்லூரியின் நாலாம் நம்பர் கவுன்ட்டரில் நாகலக்ஷ்மி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி, மடித்த மல்லிகைச் சரம், பக்கத்தில் ஸ்டாம்ப் பேட். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவள், ஜெனியின் பள்ளிக்கூட லீவிங் சர்ட்டிஃபிகேட்டில் நின்றாள்.

"இது தமிழ் மைனாரிட்டி சீட். உங்க எல்.சி.யில தாய்மொழி இங்கிலீஷ்னு போட்டிருக்கே?"

ஜெனி அப்பாவைப் பார்த்தாள். லூசியம்மாளும் பார்த்தாள். கியூவில் பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் பார்த்தார்கள்.

வேதமுத்து மழைக்கோட்டுக்குள் கொஞ்சம் சுருங்கினார்.

"அது வந்து மேடம்... கான்வென்ட்டுல எல்.கே.ஜி. சேக்கும்போது ஃபாரத்துல கேட்டான். தமிழ்னு போட்டா சீட்டு கெடைக்காதுன்னு ஒருத்தன் சொன்னான். அதான் இங்கிலீஷ்னு போட்டேன்."

"வீட்டுல இங்கிலீஷா பேசுறீங்க?"

"எங்க வீட்டுலயா? இவ திட்டுத திட்டுக்கு இங்கிலீஷ்ல வார்த்தையே கெடையாது மேடம்!"

கியூ சிரித்தது. நாகலக்ஷ்மி சிரிக்கவில்லை, ஆனால் காகிதத்தைத் திருப்பித் தள்ளவும் இல்லை.

"அப்பாவோ அம்மாவோ படிச்ச ஸ்கூல் எல்.சி. இருக்கா? அதுல தமிழ்னு இருந்தா, கூட ஒரு லெட்டர் எழுதி வாங்கிட்டு எடுத்துக்குவோம். மூணு மணிக்குள்ள வேணும். இல்லைன்னா அடுத்த பேருக்குப் போயிரும்."

"என்னோடது வெள்ளத்துல போயிட்டு மேடம்," என்றார் வேதமுத்து. கோட்டு தப்பித்தது, சர்ட்டிஃபிகேட் தப்பவில்லை.

லூசியம்மாளுக்குப் பரண் ஞாபகம் வந்தது.

அவளிடம் இருந்தது. தாராவி முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளிக்கூடத்து எல்.சி., பரணில் தகரப் பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்குக் கீழே, நாலாக மடித்துக் கிடந்தது. தாய்மொழி தமிழ் என்று அதில் தெளிவாக இருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே, அதே தெளிவோடு, இன்னொன்றும் இருந்தது. வகுப்பு: ஏழு. பள்ளியை விட்ட காரணம்: வேலைக்குச் சென்றது.

பெண் பார்க்க வந்தபோது அவள் அப்பா, "பிள்ள எஸ்.எஸ்.சி. பாஸ்" என்று சொன்னார். மாப்பிள்ளை எஸ்.எஸ்.சி., அதாவது பத்தாவது பாஸ் ஆயிற்றே, குறைத்துச் சொல்லலாமா? லூசியம்மாள் தலையைக் குனிந்து, ஆமாம் என்பது போல ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டலை முப்பத்தொரு வருஷமாகக் காப்பாற்றி வருகிறாள். வேதமுத்து அதைச் சும்மா விட்டாரா? சர்ச்சில், டிப்போவில், மீன் கடையில் எல்லாம், "எம் பொண்டாட்டி எஸ்.எஸ்.சி." என்று பரப்பினார். அவர் சொன்ன ஆயிரம் புளுகையும் கைப்பிடி இழுத்துப் பார்த்தவள், தன்னுடையதை மட்டும் தொட்டதே இல்லை. உண்மை தெரிந்தவன் தம்பி ஜாபெஸ் ஒருத்தன்தான்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். காகிதமும் பரணில் கிடக்கும், பிள்ளையும் செம்பூரில் பி.காம். சேர்ந்துவிடும். ஒரே மௌனத்தில் இரண்டு காரியம்.

ஜெனி அழவில்லை. மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்கி, மூலை மடங்காமல் ஃபைலில் வைத்தாள்.

"சரிம்மா. செம்பூர் போலாம். நீ சொன்னபடியே," என்றாள்.

லூசியம்மாளுக்கு வலது மணிக்கட்டு வலித்தது. மழைக் காலத்தில் வலிக்கும். கைப்பிடி இழுத்து இழுத்து வந்த வலி.

போன மே மாசம் லீவில் ஜெனி ஒரு நாள் கார்கானாவுக்கு வந்திருந்தாள். மூலையில் ரிஜெக்ட் ஆன அறுபத்து மூன்று பை குவிந்து கிடந்தது. ஒவ்வொரு பைக்குள்ளும், தைத்த மெஷினின் நம்பரும் நேரமும் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜெனி தரையில் உட்கார்ந்து, சீட்டுகளை எடுத்து வரிசை வரிசையாக அடுக்கினாள். ஒரு மணி நேரம் கழித்து, "அம்மா, நாலாம் நம்பர் மெஷின். லஞ்சுக்கு அப்புறம்தான் கெடுது" என்றாள். போய்ப் பார்த்தால், மத்தியானம் அந்த மெஷினின் ஊசி சூடேறி நூலை அறுத்துக்கொண்டிருந்தது. ஊசியை மாற்றியதும் ரிஜெக்ட் பாதிக்குமேல் குறைந்தது. கார்கானா முதலாளி சேட்டுக்கு ஒரே சந்தோஷம். கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். லூசியம்மாள், நான்தான் என்று சொல்லி, சேட் கொடுத்த புதுக் குடையையும் வாங்கிக்கொண்டாள்.

அந்தக் குடைதான் இப்போது கையில் இருந்தது.

"எங்கிட்ட இருக்கு," என்றாள் லூசியம்மாள்.

"என்னது?" என்றார் வேதமுத்து.

"எல்.சி. தமிழ் ஸ்கூல்ல படிச்சது. பெட்டிக்குள்ள கெடக்கு. ஏ பிள்ள, நீ இங்கனயே நில்லு. எடத்த விட்டு நவுராத."

*

போகும்போது பஸ் கிடைத்தது. வீட்டில் பெட்டிச் சாவி கிடைக்கவில்லை. சாவி கிடைத்தபோது ஏணி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. எல்லாம் முடிந்து, காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தபோது மணி இரண்டு இருபத்தைந்து. அரபிக்கடலை யாரோ அண்டாவில் மொண்டு தாராவியின் தலையில் கவிழ்த்தது போல மழை.

ஆட்டோக்காரன், "சயானுக்கு அங்கிட்டு ஆட்டோ போகாது" என்று சட்டம் பேசினான். முதல் டாக்ஸி நிற்கவில்லை. இரண்டாவது, ஏர்போர்ட் என்றால் வருவேன் என்றது. மூன்றாவது கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. சேட் கொடுத்த குடை, ஒரே காற்றில் மல்லாந்து, உண்மையைக் கக்கிவிட்டது போல் பல்லைக் காட்டியது.

ரெண்டு முப்பத்திரண்டு.

"நடந்துருவோமா?" என்றாள் லூசியம்மாள். முழங்கால் தண்ணீரில் மாட்டுங்கா வரை அரை மணியில் நடக்க முடியாது என்பது அவளுக்கே தெரியும்.

வேதமுத்து நடைபாதையிலிருந்து இறங்கி ரோட்டில் போய் நின்றார். பக்கத்தில் ஸ்டாப் இல்லை, சிக்னல் இல்லை, ஒரு மாடுகூட இல்லை. கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். காக்கிக் கோட்டிலிருந்து தண்ணீர் வழிய, நெஞ்சை நிமிர்த்தி, மழை பெய்வதே தெரியாதவர் போல நின்றார்.

"மேல வாங்க! கிறுக்கா பிடிச்சிருக்கு?"

தூரத்தில் சிவப்பாக ஒன்று அசைந்தது. புது ஏ.சி. பஸ். நெற்றியில் 'டிப்போ' என்று எரிந்தது. ஆள் ஏற்றாத காலி வண்டி. தண்ணீரை இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு வந்தது. லூசியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிரேக் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது, வேதமுத்துவின் மூக்குக்கு மூன்று அடி தள்ளி பஸ் நின்றிருந்தது. கதவு புஸ்ஸென்று திறந்தது. உள்ளே இருபத்தைந்து வயதுக்கு மேல் போகாத டிரைவர். கோட்டைப் பார்த்ததும் சீட்டிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சாப், காடி காலி ஹை. செக்கிங் ஹை க்யா?"

காக்கிக் கோட்டைப் பார்த்து, செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டான்! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லூசியம்மாள் அந்த வார்த்தையை எதிர்பார்த்துத்தான் நின்றாள்.

"நை பேட்டா," என்றார் வேதமுத்து. "ரிட்டயர்ட் கண்டக்டர் ஹூம். பேட்டி கா அட்மிஷன் ஹை, மாட்டுங்கா மே. தீன் பஜே கவுன்ட்டர் பந்த்." இன்ஸ்பெக்டர் இல்லை, மகளுக்கு அட்மிஷன், மூன்று மணிக்குக் கவுன்ட்டர் மூடிவிடும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்.

டிரைவர் கோட்டைப் பார்த்தான். வழியில் போகும் தண்ணீரைப் பார்த்தான். சேலை ஒட்டிக்கொண்டு பிளாஸ்டிக் கவரை நெஞ்சில் அணைத்து நின்ற லூசியம்மாளைப் பார்த்தான்.

"சடோ, ஜல்தி," என்று சீக்கிரம் ஏறச் சொன்னான்.

அத்தனை சீட்டும் காலி. உட்கார்ந்தது லூசியம்மாள் ஒருத்திதான். வேதமுத்து பழக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கவரக் கொண்டா. ஒன் சேல பூரா ஈரம். நான் கோட்டுக்குள்ள வச்சுக்கிடுதேன்."

கொடுக்காமல் இருக்க என்ன காரணம் சொல்வது? கொடுத்தாள். கவர் கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரிகிற கவர். காகிதம் இப்போது விரித்து இருந்தது. வேதமுத்து அதை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் கோட்டுக்குள் சொருகி, பட்டனைப் போட்டார்.

மாட்டுங்கா வரைக்கும் பேசவில்லை. தூக்கத்தில்கூட வாய் ஓயாத மனிதர். பஸ்ஸை நடு ரோட்டில் நிறுத்திக் காட்டியிருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

*

நாலாம் நம்பர் கவுன்ட்டருக்கு முன்னால் அவர்கள் போய் நின்றபோது மணி இரண்டு ஐம்பத்து மூன்று. ஜெனி நின்ற இடத்தில் ஓர் அங்குலம் நகரவில்லை. அவளை ஒட்டி, அடுத்த பெயர்க்காரப் பெண் தன் ஃபைலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

வேதமுத்து கோட்டின் பட்டனைக் கழற்றி, காகிதத்தை எடுத்து நீட்டினார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நாகலக்ஷ்மி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "தாய்மொழி தமிழ். சரியா இருக்கு." விரல் கீழே இறங்கியது. "ஏழாவதோட நின்னுட்டீங்களாம்மா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஜெனி சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"ஏழாப்பு வரைக்கும்தான் மேடம் இந்த ஸ்கூலு!" என்று வேதமுத்துவின் குரல் கணீரென்று கிளம்பியது. "அதுக்கப்புறம் வேற ஸ்கூல்ல படிச்சா. எஸ்.எஸ்.சி. ஃபர்ஸ்ட் கிளாஸு! இங்கிலீஷ்ல மட்டும் தொண்ணூத்தாறு மார்க்கு. ரிசல்ட்டு வந்த அன்னைக்கு மொத்தத் தாராவிக்கும் லட்டு..."

"அதெல்லாம் வேண்டாம் சார். இங்க கையெழுத்துப் போடுங்க."

ஸ்டாம்ப் இரண்டு தரம் இறங்கியது. மேஜர்: ஸ்டாட்டிஸ்டிக்ஸ். மைனர் எனும் துணைப் பாடம் என்ன என்பதைத் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஜெனி ரசீதை வாங்கி, படித்து, மறுபடி படித்து, அம்மாவின் ஈரத் தோளில் முகத்தை ஒருதரம் வைத்து எடுத்தாள்.

லூசியம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் மேலே சுற்றாத மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் சொன்னாரா? இல்லை, படிக்காமலே வழக்கம்போல அவிழ்த்துவிட்டாரா? இழுத்துப் பார்க்க அந்தக் கதைக்கு ஒரு கைப்பிடிகூட இல்லை.

*

சாயங்காலம் ஐந்தரைக்கு முலுண்டிலிருந்து ஜாபெஸ் கூப்பிட்டான். வேதமுத்து வாசலில் மழைக்கோட்டை ஹேங்கரில் மாட்டி, கல்யாணப் பட்டு வேஷ்டியைப் போல நீவிக்கொண்டிருந்தார்.

"யக்கா, சீட்டு ஆயிட்டாம்லா. ஜெனி மெசேஜ் போட்டா. பி.காம். இல்லன்னுட்டா. ம்... சரி, படிக்கட்டும்." ஜாபெஸ் அதை விழுங்கிவிட்டு, உடனே சிரிக்கத் தொடங்கினான். "அது கெடக்கட்டும். அத்தான் சர்ச் குரூப்புல போட்டிருக்கத பாத்தியா? இவிய ரோட்டுல நின்னாவளாம். காலி பஸ்ஸு ஒண்ணு தானா வந்து நின்னுச்சாம். ரெண்டு பேர மட்டும் ஏத்திட்டு மாட்டுங்காவுல எறக்கி விட்டுச்சாம். குரூப்பு பூரா உருண்டு உருண்டு சிரிக்கு. இதுக்கு மேல ஒரு புளுகு உண்டாக்கா? நீயே ரெண்டு வார்த்த எழுதி விடு."

லூசியம்மாள் வாசலைப் பார்த்தாள். வேதமுத்துவின் கை கோட்டின் மேல் அசையாமல் நின்றது.

"நின்னுச்சுல," என்றாள்.

"என்னது?"

"பஸ்ஸு. ஸ்டாப்பு இல்லாத எடத்துல. நான் பக்கத்துலதான நின்னேன்."

"அத்தான் கையக் காட்டியிருப்பாவ யக்கா."

"இல்லல. ரெண்டு கையையும் பொறத்தால கெட்டியிருந்தாவ," என்றாள் லூசியம்மாள். "தூக்கவே இல்ல."